அமரர் பெரியதம்பியின் இடைவெளி விண்ணப்பம்

சென்னையில் கம்ப்யூட்டரைக் கட்டி ஆளும் என் அக்காள் மகள், கல்யாணப்பெண் வெண்மதிக்கு, செஞ்சியிலிருந்து, இந்த வரி எழுதும் வரை உயிரோடிருக்கும் உன் தாய்மாமன் பெரியதம்பி எழுதுவது. இங்கு நான் நலம். நம்பாத மூன்று பேர் கிள்ளிப் பார்த்தே உறுதி செய்துவிட்டார்கள். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க நம் கோட்டைமலை ராஜகிரி உயரத்துக்கு ஆசி. போனை இனி நம்புவதற்கில்லை என்பதால் தாளில் எழுதுகிறேன்.

அம்மாடி, அச்சடித்த பத்திரிகை எதற்கு என்று கல்யாணத்துக்கு நீயே ஒரு வலைப்பக்கம் செய்தாய். இடப்பக்கப் பத்தியில் மாப்பிள்ளை வீடு, வலப்பக்கப் பத்தியில் நம் வீடு. இடப்பக்கம் மேல்வரியில் ‘அமரர்’, அதன்கீழ் ‘முருகையன்’. மாப்பிள்ளையின் தாத்தா, புண்ணியவான், போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வலப்பக்கம் மேல்வரியில் ‘பெரியதம்பி’, அதன்கீழ் ‘தாய்மாமன்’. உன் கம்ப்யூட்டரில் நடுவே ஒரு லாரி போக இடமிருந்ததாம். என் போனில் எறும்பு போக வழியில்லை. இரண்டு பத்தியும் ஒட்டிக்கொண்டு ‘அமரர் பெரியதம்பி’, அடுத்த வரியில் ‘முருகையன் தாய்மாமன்’! ஒரே மூச்சில் என்னைக் கொன்று, செத்தவரை எழுப்பி, உன் நெற்றியில் பட்டம் கட்டும் உரிமையையும் அவருக்கே கொடுத்துவிட்டாய்.

பக்கம் வந்த மறுநாள் காலை, பக்கத்து வல்லத்தில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்த நம் சொந்தக்கார ஊரே செடியும் கையுமாக என் சாவுக்குக் கிளம்பியது. அவலூர்பேட்டையிலிருந்து பதினேழு ஆட்டோ. கண்ணால் எண்ணியது இரண்டு, மீதியை மனத்தால் எண்ணினேன். ஒன்றுவிட்ட அக்காள் மீனம்பாள் ரோஜா மாலையோடு தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கி, வாசலுக்கு வந்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

“இன்னாடா இது, உக்காந்து இட்லி துன்னுக்கினு இருக்குற?”

“பசிக்குது. வேற இன்னா பண்றது?”

“மாலைய வாங்கியாந்துட்டனே! கடைக்காரன் திரும்ப எடுத்துக்க மாட்டானே!”

வீணாக்க மனமில்லாமல் என் கழுத்திலேயே போட்டாள். அதோடு நான் சட்டினி ஊற்றிக்கொண்டேன்.

உடனே உனக்குப் போன் செய்தேன். “கேப்பு போன்ல சுருங்கிடுச்சி போல மாமா, பெருசாக்கிட்றேன்” என்றாய். ஆக்கினாய். எவ்வளவு பெரிதென்றால், இப்போது முருகையன் மட்டும் தனியாக நிற்கிறார், நான் திரையின் வலது ஓரத்தைத் தாண்டி விழுப்புரம் பக்கமாகப் போய்விட்டேன். போனைத் திருப்பினேன், உதறினேன், வரவில்லை. உன் அத்தை அமிர்தவல்லி எட்டிப் பார்த்தாள். “செத்துட்டார்னு போட்டப்பக்கூட மரியாத இருந்துச்சி. இப்ப பேரையே தூக்கிட்டாங்களே! பேரில்லாத கல்யாணத்துக்கு சீர் எதுக்கு?” என்று உனக்காக எடுத்து வைத்த பட்டுப்புடவையை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பதே நாள். வெறுங்கையோடு வரும் தாய்மாமனை எந்த சபை சேர்க்கும்?

ஆகவே என் விண்ணப்பம். நம் கோட்டை மலைகள் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் ஒட்டிக்கொண்டால் நடுவே ஓடும் திருவண்ணாமலை பஸ் எங்கே போகும்? அதற்காக ஒரு மலையைச் சென்னைக்குத் தள்ளிவிட்டால் அதைக் கோட்டை என்று யார் சொல்வார்கள்? பெரிய திரைக்குப் பெரிய இடைவெளி, சின்னத் திரைக்குச் சின்ன இடைவெளி, எவ்வளவு சுருங்கினாலும் எனக்கும் அமரருக்கும் நடுவே ஒரு விரல் அகலம். இதற்குக் கீழே போகக் கூடாது என்று கம்ப்யூட்டரிடம் கண்டிப்பாகச் சொல்லிவை.

கோட்டை மதிலைப் போல நீ நெடுநாள் நிலைத்து வாழ வாழ்த்தும்,
உன் மாமன்,
பெரியதம்பி (உயிருடன்)

பி.கு.: மேலே எழுதிய எதையும் படிக்காதே. கடிதத்தை மடிக்கும்போது என் மகள் மஞ்சு போனை வாங்கிப் பார்த்தாள். “நைனா, எழுத்த இம்மாம் பெருசா வெச்சிக்கினா கேப்பு எங்க நிக்கும்? என் போன்ல பாரு, மொதல்லேர்ந்தே கரெக்டா இருக்குது.” பார்த்தேன். இருந்தது. “அப்ப வல்லத்துக்காரங்களுக்கு மட்டும் எப்பிட்றீ தப்பா தெரிஞ்சுது?” என்று கர்ஜித்தேன். அவள் என் போனிலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து நீட்டினாள். என் பேரைக் கண்ட மகிழ்ச்சியில் ‘அமரர்’ ஒட்டிய அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பியவன் நான்தான். அதன் கீழே என் கையாலேயே எழுதியிருந்தேன்: ‘நம்ம வீட்டு விசேஷம். அனைவரும் குடும்பத்துடன் தவறாமல் வரவும்.’