நான் நண்டுச் சாமியான விதம்

ஒரு முழு முற்பகல் நான் சாமியாராக இருந்திருக்கிறேன். அதற்கான தகுதி எதுவும் என்னிடம் இல்லை (காலையில் தேத்தண்ணி பிந்தினாலே எனக்கு உலகம் முழுவதும் பகை). பயம் ஒரு மனிதனை எங்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு நானே சாட்சி.

மாஸ்க் இல்லாமல் வீதியில் கால் வைக்க முடியாதிருந்த கொரோனாக் காலம். என்னால் மாஸ்க் போட முடியாது. விருப்பமில்லை என்பதல்ல, முடியாது. மூக்கின் மேல் துணி பட்டதும் நெஞ்சு இறுகும், காது இரையும், கண் இருளும். சின்ன வயதில், சண்டை நேரம் ஒளிந்திருந்த பங்கருக்குள் மண் சரிந்து என்னை மூக்குவரை மூடிய ஒரு நாள் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. சிரிப்பதற்கென்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வீட்டோடு இருந்துவிட்டால் போயிற்று என்று உரும்பிராயில் இருந்த என் சைக்கிள் கடையைப் பூட்டினேன். சலூன்காரர் மாஸ்க் இல்லாமல் கதிரையில் ஏற்றமாட்டேன் என்றார். நானாகச் சவரம் செய்யச் சோம்பல்பட்டுத் தாடியை அதன் போக்கில் விட்டேன். அது நெஞ்சைத் தொட்டது. ஒருநாள் அந்தத் தாடிக்குள் கைவிட்டுச் சொறிந்தபோது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது.

புளியங்கொட்டை அளவுதான். ஆனால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் பொழுதுபடுவதற்குள் மாங்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டதாக எனக்குப் பட்டது. கட்டி என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு நோய்தான் நினைவுக்கு வரும். அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டார்கள், ‘அது’ என்பார்கள். இணுவிலில் இருக்கும் டொக்டர் ஒருவர் தன் வீட்டு முற்றத்தில் தள்ளி நின்று என் கழுத்தைப் பார்த்தார். ஆஸ்பத்திரித் தொண்டைக் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்து, “உடனை காட்டுங்கோ” என்றார். அந்த ‘உடனை’ என் நித்திரையைத் தின்றது.

முதல் தடவை வெறும் முகத்தோடு போனேன். கேற்றில் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“மாஸ்க் இல்லாமல் உள்ளுக்கை விடேலாது, அண்ணை.”

“மூச்சு முட்டும் தம்பி.”

“எல்லாருக்கும்தான் முட்டுது.”

சரியென்று மனைவி வசந்தி தந்துவிட்ட மாஸ்க்கைப் போட்டேன். கேற்றைத் தாண்டியிருப்பேன், அவ்வளவுதான். மண் வந்து மூடியது. மாஸ்க்கைப் பிய்த்து எறிந்துவிட்டு, காற்றை அள்ளி விழுங்கி, இருமத் தொடங்கினேன். அந்த நாட்களில் பொது இடத்தில் இருமியவனின் நிலைமை உங்களுக்குத் தெரியும். வரிசையில் நின்றவர்கள் கல் விழுந்த காக்கைக் கூட்டமாய்ச் சிதறினார்கள். காவலாளி எட்ட நின்றபடியே, “வீட்டை போங்கோ அண்ணை” என்று கும்பிட்டார்.

வந்து சொன்னபோது வசந்தி கேட்டாள்: “இஞ்சருங்கோ, பயமாக்கிடக்கெண்டு அவையளிட்டைச் சொல்லலாம்தானே?”

சொல்லலாம்தான். ஆனால் நாற்பது வயது ஆம்பிளை, கடை முதலாளி, சாண் துணிக்குப் பயப்படுகிறேன் என்று ஊர் கேட்கச் சொல்வதா? சாவது மேல் என்று நினைத்தேன். உண்மையிலேயே செத்துவிடுவேனோ என்றும் அதே மூச்சில் நினைத்தேன்.

அடுத்த கிளினிக் ஒரு வெள்ளிக்கிழமை. விடியப்புறம் முழுகி, வேட்டி சால்வையோடு முருகன் கோயிலுக்குப் போய்த் திறந்த வெளியில் நின்று கும்பிட்டேன். பூசை செய்பவரின் எச்சில் சுவாமியில் படக்கூடாதென்று வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வது எங்கள் பக்கத்துச் சில கோயில்களில் வழக்கம். அங்கும் அப்படித்தான். பூசை செய்தவரைப் பார்த்துக்கொண்டே நின்ற எனக்கு முருகனே யோசனை சொன்னது போலிருந்தது. வாயைக் கட்டலாம்! மூக்கை விட்டுவிடலாம்!

வீட்டுக்கு ஓடி வந்து வசந்தியைக் கொண்டு கட்டுவித்தேன். “இது சரிவராது” என்று சொல்லிக்கொண்டே அவள் இறுக்கி முடிச்சுப் போட்டாள். கண்ணாடி பார்க்க நேரமிருக்கவில்லை. பார்த்திருந்தால் நெஞ்சைத் தொட்ட தாடியையும், உடம்பெல்லாம் பூசிய விபூதியையும், வெள்ளை வாய்க்கட்டையும் ஒன்றாகக் கண்டிருப்பேன்.

கேற்றில் வேறொரு காவலாளி. என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பித் தொப்பியைக் கழற்றினார்.

“வாங்கோ சாமி. விலகுங்கோ, சாமிக்கு வழி விடுங்கோ!”

மறுத்திருக்கலாம். வாய் கட்டியிருந்தது (அவிழ்த்திருக்கலாம்தான்). தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய் வாங்குப் பலகையில் இருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது. கழுத்துக் கட்டியும் கூடவே அடிப்பதாகத் தோன்றியது.

இடைவெளி விட்டு இருந்த ஒரு பெண் என்னையே பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை.

“சாமி, நான் வேதக்காரி. குருநகர். பேர் திரேசம்மா,” என்றார் மெதுவாக. “தொண்டையிலை கட்டியாம். வெட்டோணுமெண்டு சொல்லுறாங்கள். மாதாவிட்டையும் கேட்டனான், அந்தோனியாரிட்டையும் கேட்டனான். நீங்களும் ஒருக்கால் தலையிலை கையை வையுங்கோ.”

அவர் எழுந்து வந்து என் முன்னால் குனிந்தார். முதுகு குலுங்கியது. நான் சாமியில்லை அம்மா, எனக்கும் அதேதான் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் கை தன்பாட்டில் அவர் தலைமேல் போய்விட்டது. அவர் விம்மினார். எனக்கும் கண் நிறைந்தது. அதைப் பார்த்த ஒருவர், “சாமி அழுகிறார்!” என்றார். அவ்வளவுதான், நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள்.

அறைக்குள்ளிருந்து நேர்ஸ் வெளியே வந்தார். “என்ன இஞ்சை நடக்குது? இது கிளினிக்கோ கோயிலோ? உரும்பிராய்ச் சிவபாலன் ஆர்?”

ஒருவருடைய தலையிலிருந்து கையை எடுத்து மேலே தூக்கினேன்.

“ஐயா, மூக்கு வெளியிலை நிக்குது” என்றபடி வந்த நேர்ஸ், நான் மறிப்பதற்குள் துணியை மேலே இழுத்துவிட்டார்.

மறுபடி மண். துணியைப் பிய்த்துக்கொண்டு, வாங்கைத் தள்ளிக்கொண்டு, கும்பிட நின்றவர்களை விலக்கிக்கொண்டு ஓடினேன். முற்றத்து வேப்பமரத்தடியில் போய் விழுந்தபோது சால்வை எங்கே போனதென்று தெரியாது. பின்னால் ஓடிவந்த நேர்ஸ் எட்ட நின்று கேட்டார்: “என்னய்யா, என்ன செய்யுது?”

“பயமாக்கிடக்கு, மிஸ்ஸி,” என்றேன். சத்தம் சின்னப் பிள்ளையினுடையது போலிருந்தது. “மூக்கை மூடினால் செத்துப்போவன் போலை கிடக்கு. கட்டியை நினைச்சாலும் பயமாக்கிடக்கு.”

“உதை முதலே சொல்லியிருக்கலாமே!” என்றார் அவர். “உதிலையே இருங்கோ. எல்லாரும் போகட்டும், டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாறன்.”

அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமலிருக்கத்தான் நான் சாமியாரானேன். மத்தியானம் டொக்டர் மரத்தடிக்கே வந்து, கழுத்தை அழுத்திப் பார்த்து, அங்கேயே ஊசியால் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போனார். முடிவு வரும்வரை சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் அது வெறும் நீர்க்கட்டி.

கொரோனா ஓய்ந்து, தாடி போய், கடையும் திறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை திரேசம்மா எங்கள் வீட்டுப் படலையைத் தட்டினார். கழுத்தில் தழும்பு, குரலில் கரகரப்பு, கையில் ஒரு பை நிறைய உயிர் நண்டு. வேதக்காரருக்கு வெள்ளி இறைச்சி மட்டும் விட்ட நாள், நண்டு ஆகும். எங்களுக்கு மீன், நண்டு உட்பட மச்சம் முழுவதுமே விட்ட நாள். வசந்தி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள்.

“அம்மா, நான் சாமியில்லை,” என்றேன். “அண்டைக்கு உங்களை ஏமாத்திப்போட்டன்.”

“எனக்கு அப்பவே தெரியும் தம்பி. சாமிமாரின்ரை கை உப்பிடி நடுங்குமே?” என்றார். “வீட்டிலை எல்லாரும் பயப்பிடாதை, பயப்பிடாதை எண்டுதான் சொன்னவை. என்னைப்போலை பயந்த ஆள் ஒராள் பக்கத்திலை இருந்தது அண்டைக்கு மட்டும்தான்.”

அன்றிலிருந்து சொந்தத்தில் எனக்கு நண்டுச் சாமி என்றுதான் பெயர். கலியாண வீடுகளில் வசந்தி இந்தக் கதையை எழும்பி நின்று நடித்தே காட்டுவாள். ஆனால் எங்களில் யாருக்கு ஊசி, ஸ்கான், ஒப்பரேஷன் என்றாலும், துணைக்கு முதலில் கூப்பிடுவது என்னைத்தான். போன மாதம் வசந்திக்கே ஒரு சத்திர சிகிச்சை. உள்ளே கொண்டுபோகும்வரை என் கையைப் பிடித்திருந்தவள், “நல்லாய் நடுங்குது, விடாதேங்கோ” என்றாள்.