எரியாத அடுப்பு

படித்தவர்கள் முட்டாள்தனம் செய்யும்போது அதற்கான விளக்கத்தையும் கையோடு கொண்டுபோவார்கள். நான் கூடவே மூன்று கட்டிகளையும் கொண்டுபோனேன்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி மாணவி. தென்னை நார்க்கழிவைக் கரியாக்கி, உருக்கிய பிளாஸ்டிக்கில் கலந்தால் பலம் கூடும், லேசில் தீப்பிடிக்காது. இதுதான் என் ஆய்வு. (குப்பையோடு குப்பையைக் கலக்க ஒரு டாக்டர் பட்டம்!) கல்யாணமாகிக் கரமனையில் புகுந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் மாமியாருக்கு ஒரே பேச்சு, நான் பாங்க் பரீட்சை எழுத வேண்டும். கடைசியில் தீர்மானமாகவே சொல்லிவிட்டார்: "உன் படிப்பால ஆத்துக்கு ஒரு பிரயோஜனம் காட்டு. இல்லேன்னா நிறுத்திடு."

காட்டுகிறேன் என்று கிளம்பினாள் இந்த மேதாவி. ஆற்றுக்கால் பொங்காலை வந்தது. அன்று ஊர்ப் பெண்களெல்லாம் தெருவில் செங்கல் அடுக்கி அம்மனுக்குப் பொங்கலிடுவார்கள். செங்கல்லுக்குப் பதில், அந்தக் கலவையில் நான் வார்த்த மூன்று கட்டிகளை வைக்கலாம் என்றேன்.

"பிளாஸ்டிக்காடி?"

"தீயே பிடிக்காதும்மா. லேப்ல நெருப்பு வெச்சுப் பாத்தாச்சு." (சுண்டுவிரல் அளவு நெருப்பு, சில நொடிகள். அதையெல்லாம் சொல்வானேன்?)

கிழக்கேகோட்டைச் சாலையோரம் காய்ந்த பாளையைக் கொளுத்தினோம். கட்டிகள் எரியவில்லை. அக்கம்பக்கத்து அடுப்புக்காரிகளுக்கு நான் சொற்பொழிவே ஆற்றினேன். தீப்பிடிப்பது வேறு, சூட்டில் இளகுவது வேறு என்பது முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்தான். தலைக்கனத்தில் மறந்து போயிற்று.

"மாமீ, அடுப்பு சரியுன்னு!" என்று பக்கத்து அடுப்பு மலையாளச் சேச்சி அலறினார். கட்டிகள் மூன்றும் வெயிலில் வைத்த வெல்லமாய்க் குழைந்தன. பானை நிதானமாகச் சாய்ந்தது. பூசாரி தீர்த்தம் தெளிக்க வருமுன்னே பொங்கல் முழுவதும் தார் ரோட்டில். அப்போதும் நான், "பாருங்கோ, எரியலை!" என்றேன். வெட்கங்கெட்ட ஜன்மம்.

மாமியார், சேச்சி தந்த செங்கல்லில் வேறு பானையை ஏற்றி, அரிசியைப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"இவ்வளவு மானம் போனப்பறம் பாதியில விட்டுடுவியா? நிக்கறதா ஒண்ணு பண்ணி முடி. அதுக்கப்பறம் பாங்க்."

முடித்தேன். பட்டமும் வந்தது. இன்றும் பொங்காலைக்குச் செங்கல் சுமப்பது டாக்டராகிய நான்தான். பக்கத்தில் புதிதாக யார் அடுப்புக் கூட்டினாலும் மாமியார் என்னைக் காட்டிச் சொல்வார்:

"என் மாட்டுப்பொண்ணு, டாக்டராக்கும். எரிக்கமாட்டா, பயப்படாதே. பானையை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோ, கேட்டியா?"