துணைக்கு ஓர் ஆமை

இந்த வியாழக்கிழமை கஷ்தக்குக்குப் போயே தீருவது என்று முடிவு செய்தேன். நான் ஒரு முடிவெடுத்தால் நூராத்தா மலைகூட நகர்ந்து வழிவிடும். மனைவி மட்டும் நகரமாட்டாள்.

கஷ்தக் என்றால் லேசுப்பட்டதில்லை. வாரம் ஒரு வீடு, பத்து நண்பர்கள், ஒரு கொப்பரை புலாவ். கொப்பரைக்கு முன்னால் கரண்டியோடு நிற்பது ஏழு வருஷமாக நான்தான். மகள் பிறந்து இருபது நாள் ஆகிறது. அதற்குள் கரண்டி துர்சுன்புலாத் கைக்குப் போய்விட்டது. அவன் கேரட் நறுக்கினால் விறகு பிளந்த மாதிரி இருக்கும். இன்னும் இரண்டு வாரம் விட்டால் நண்பர்களின் பற்கள் அதற்குப் பழகிவிடும்.

குறுக்கே நிற்பது சில்லா. பிள்ளை பிறந்த நாற்பது நாளும் தாயையும் சேயையும் தனியே விடக் கூடாது. மாமியார் புகாராவில், கால் முறிந்த மாமனாரோடு. பகலில் பக்கத்து வீட்டு ரிஸாலத் அக்கா வந்து இருப்பார். பொழுது சாய்ந்தால் துணை நான்தான். கெட்டது எதுவும் அண்டாமலிருக்க என் மனைவி ஜுலைஹோ தலையணைக்கு அடியில் கத்தி, வெங்காயம், ரொட்டி எல்லாம் வைத்திருக்கிறாள். அப்படியும் நான் வாசல் பக்கம் திரும்பினாலே, தொட்டிலில் குனிந்து பிள்ளை மூச்சு விடுகிறதா என்று பார்ப்பாள்.

அந்த வியாழன் நவாயியிலிருந்து பஸ் ஓட்டி வரும்போது நடுரோட்டில் ஓர் ஆமைக்குஞ்சு. ஓட்டோடு சேர்த்து ஒரு அக்ரூட் அளவு. சக்கரம் நின்றது, மூளை ஓட ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து தொப்பியிலிருந்து எடுத்து நீட்டினேன்.

“என்னங்க இது?”

“துணை.”

“யாருக்கு?”

“உனக்கும் பாப்பாவுக்கும். தனியா விடக் கூடாதுன்னுதானே சொல்றாங்க. மனுஷனாத்தான் இருக்கணும்னு யாரும் சொல்லலையே. உசுருள்ளது ஒண்ணு கூட இருந்தா போதும்.”

“கெட்டது ஏதாச்சும் வந்தா இது என்ன செய்யும்?”

“தலையை உள்ள இழுத்துக்கும்.”

“நீங்களும் அதைத்தான் செய்வீங்க.”

“பின்ன என்ன? எனக்குப் பதிலா இதுவே போதும்.”

ஆமையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி, போயிட்டு வாங்க” என்றாள்.

இவ்வளவு சுலபமா? ஒரு காலில் ஷூவை மாட்டிவிட்டேன்.

“ஒரே ஒரு சந்தேகம். எனக்கும் பாப்பாவுக்கும் இது துணை. இதுக்கு யாரு துணை?”

“ஆமைக்கா?”

“குஞ்சுதானேங்க. தாயில்லாம வந்திருக்கு. இந்த வீட்டுல இன்னைக்குத்தான் அதுக்கு முதல் நாள். நம்ம பிள்ளைக்கு ஒரு நியாயம், அதுக்கு ஒரு நியாயமா? சில்லா நடக்கிற வீட்டுல ஒரு குஞ்சு செத்துப்போச்சுன்னா...” குரல் நிஜமாகவே நடுங்கியது.

“அப்ப எடுத்த இடத்துலயே விட்டுடறேன்.”

“சில்லா வீட்டுலேர்ந்து எதுவும் வெளியே போகக் கூடாது. உப்பு கேட்டு வந்த ரிஸாலத் அக்காவையே வெறுங்கையோட அனுப்பினேன்.”

ஷூவைக் கழற்றினேன்.

மரப்பெட்டியில் மண் நிரப்பினேன். பிள்ளை அறையில் நாற்பது நாளும் எரியும் சில்லா விளக்கு எப்படியும் அணையாது; அதன் கீழே பெட்டியின் ஒரு மூலையை வைத்தேன். குளிர்ந்தால் அங்கே போகும், சுட்டால் மறு மூலைக்கு வரும். வாய்க்கால் ஓரத்தில் மஞ்சள் பூப் பூக்கிற கீரையைத் தேடிப் பறித்தேன். தினமும் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர், கழுத்துக்கு ஏறாமல். பிள்ளை குளிக்கும் நீரை ஜுலைஹோ முழங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஆமை குளிக்கும் நீரை நான் முழங்கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவ வேண்டும். ஒரு தடவை கழுவினால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

அடுத்த வியாழன் துர்சுன்புலாத் போன் செய்தான். “வரலையாடா?”

“குளிப்பாட்டணும்டா.”

“பிள்ளையையா?”

“ஆமா.”

“ரெண்டு கால் பிள்ளையா, நாலு கால் பிள்ளையா? ரிஸாலத் அக்கா ஊர் பூரா சொல்லிட்டு வர்றாங்க.”

அதற்கடுத்த வியாழனும் போனது. போகட்டும். நாள்காட்டி என் பக்கம். புதன்கிழமையோடு நாற்பது முடிந்தது. மாமனார் எழுந்து நடக்கிறாராம். வியாழன் காலையிலேயே மாமியார் காரோடு வந்துவிட்டார். சில்லா கழிந்ததும் தாயும் சேயும் பிறந்த வீட்டுக்குப் போவது வழக்கம். ஒரு வாரம் நான் ராஜா. கரண்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தேன்.

“நிம்மதியா போயிட்டு வா” என்றேன். குரலில் கொஞ்சம் சோகமும் கலந்தேன்.

“கரண்டி எதுக்குங்க?”

“கஷ்தக்குக்கு. அதான் சில்லா முடிஞ்சிடுச்சே.”

“எனக்கும் பாப்பாவுக்கும் முடிஞ்சிடுச்சு.” மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெட்டியைக் காட்டினாள். “அது வந்தது பாப்பாவோட இருபதாம் நாள். அதுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கு. பகல்ல ரிஸாலத் அக்கா பார்த்துக்குவாங்க. அவங்க ஜன்னல் நம்ம வாசலைப் பார்த்துத்தான் இருக்கு.”

“ஜுலைஹோ, அது ஆமைடீ. அதுக்குத் துணையா ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கணுமா?”

“மனுஷனாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னா?” காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள். “உசுருள்ளது ஒண்ணு கூட இருந்தா போதும்.”

கார் திரும்பியதும் துர்சுன்புலாத்துக்குப் போன் போட்டேன்.

“கேரட்டைக் கொஞ்சம் மெல்லிசா நறுக்குடா” என்றேன்.