பிரேக் பேடுக்கு மூன்று விலைப்புள்ளி

அரூரில் உள்ள ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராகப் பணியாற்றிவரும் திருவாளர் சென்னப்பன் அவர்களுடைய சொந்தக் கார், தை பிறந்த மறுநாள் காலை, பிரேக்கை மிதித்ததும் 'கீஈஈ' என்று கத்தியது. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். சொன்னால் மற்ற அலுவலகக்காரர்கள், "எங்களை மட்டும் ஏன் விட்டீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். நமக்கு எதற்கு வம்பு!

வண்டியை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மெக்கானிக் அருள்குமாரிடம் கொண்டுபோனார். அருள்குமார் தன் பட்டறைக்கு 'கார் கேர் ஸ்டுடியோ' என்று பெயர் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. உள்ளே அதே கிரீஸ், அதே ஸ்பேனர், அதே ஈ. வாசலில் மட்டும் புதிதாக ஒரு பிளாஸ்டிக் செடி நின்றது.

"சார், முன் சக்கரத்துல பிரேக் பேடு தேஞ்சு வெறும் தகடுதாங்க இருக்குது. மாத்திடலாங்க. நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

"என்ன பேடு போடுவ?"

"நல்ல பேடுங்க."

"நல்ல பேடுன்னு யாரு முடிவு பண்றது?"

அருள்குமார் இருபது வருஷமாகத் தொழில் பார்க்கிறான். இந்தக் கேள்வியை அவனிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. தலையைச் சொறிந்தான்.

"மூணு கடையில விலைப்புள்ளி வாங்கணும்ப்பா. அப்புறம் ஒப்பீடு. அப்புறம் பரிந்துரை. அதுக்கப்புறந்தான் பேடு."

"அட, கொட்டேஷனுங்களா? இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா! மூணையும் நானே குடுத்துர்றேன். ஒண்ணு என் பேருல, ஒண்ணு மச்சான் பேருல, ஒண்ணு சம்சாரம் பேருல. உங்க ஆபீசுக்கு வருஷா வருஷம் அப்பிடித்தானுங்களே குடுக்கறேன்?"

சென்னப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது ஆபீசு வண்டிடா! இது என் உசுரு. இதுலயும் விளையாடுவியா நீ?" என்று அதட்டிவிட்டு, கத்துகிற வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மனுஷரைக் குற்றம் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பாவம், ஒரு துடைப்பத்தை விலைப்புள்ளி இல்லாமல் வாங்கிவிட்டார். தணிக்கைக்கு வந்தவர்கள் பார்த்து, 'முறைப்படி வாங்கவில்லை' என்று தடை எழுதினார்கள். துடைப்பம் மூன்றே மாதத்தில் தேய்ந்து குப்பைக்குப் போனது, தடை போகவில்லை. பாலக்கோட்டுக்கு மாற்றிப் போனார், அங்கேயும் வந்தது. பென்னாகரத்துக்குப் போனார், இவர் போய் இறங்குவதற்கு முன்னால் அது போய் உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குப் புளி வாங்குவதென்றாலும் மூன்று கடை ஏறாமல் அவர் வாங்கியதில்லை.

வீட்டில் மகள் காவியா வாசலிலேயே நின்றிருந்தாள். தருமபுரியில் பேங்க் பரிட்சைக்குப் படித்தபோது உடன் படித்த பாரதி என்கிற பையனை அவளுக்குப் பிடித்துப்போய், ஜாதகமும் எப்படியோ பொருந்தி, பையன் வீட்டார் ஜோலார்பேட்டையிலிருந்து தை கடைசி ஞாயிறு பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மொரப்பூரில் ரயில் இறங்குவார்கள். அங்கிருந்து கூட்டிவரும் பொறுப்பு சென்னப்பனுக்கு.

"அப்பா, அவங்கப்பா ஒருத்தருதான் இன்னும் தலையாட்டல. நீங்க வண்டிய மட்டும் சரி பண்ணி வையுங்க. ஸ்டேஷன்ல இருந்தே மூஞ்சியச் சுளிச்சிட்டு வந்தாருன்னா அவ்வளவுதான், என் கல்யாணம் நின்னுரும்ப்பா" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

ஒரே மகள். அவள் அழுதால் சென்னப்பனுக்குச் சோறு இறங்காது. "அப்பன் இருக்கறப்ப நீ எதுக்குச் சாமி கவலப்படற?" என்று தலையைத் தடவிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே ஒரு விஷயம் நினைவுக்கு வந்து கை அப்படியே நின்றது. பையனுடைய அப்பா பிரபாகர் தணிக்கை அதிகாரி. விலைப்புள்ளி இல்லாமல் வாங்கிய பேடு போட்ட வண்டியில் ஒரு தணிக்கை அதிகாரியை உட்காரவைத்துக் கூட்டிவருவதா? கல்யாணம் நின்றுவிடாதா?

ஆகவே விதிப்படி கோப்பு தொடங்கப்பட்டது.

முதல் விலைப்புள்ளி அருள்குமாருடையது. அவன் செராமிக் பேடுதான் இப்போது ஃபேஷன் என்று எழுதியிருந்தான். இரண்டாவது தருமபுரிக் கடை ஒன்றிலிருந்து வந்தது. அவர்கள் ஆர்கானிக் பேடு என்றார்கள். மூன்றாவது சேலத்துக் கடை. அவர்கள் பதிலே போடவில்லை. இரண்டு விலைப்புள்ளியை வைத்துக்கொண்டு முடிவெடுக்க விதியில் இடமில்லை என்பதால் முதலிலிருந்து மறுபடியும் கேட்கப்பட்டது. மறுபடியும் சேலம் வாயைத் திறக்கவில்லை.

இடைப்பட்ட காலத்தில் தொழில்நுட்பக் கருத்து கோரப்பட்டது. அலுவலகத்தில் உதவியாளர் ரேவதி, நாள் முழுக்க செல்போனில் ரீல்ஸ் பார்க்கிறவள் என்பதால், நிபுணராக நியமிக்கப்பட்டாள்.

"சார், செராமிக்தாங்க சார் போடணும். சிவப்புக் கலர்ல வருது. சக்கரத்துக்குள்ள தெரியறப்ப சூப்பரா இருக்கும்."

"நிக்குமாம்மா?"

"நிக்கறதப் பத்தி வீடியோவுல ஒண்ணும் சொல்லலீங்க சார்."

வீட்டில் மனைவி பானுமதி எதிர்க்கட்சி. அந்த அம்மாள் ஒரு வருஷமாகச் சிறுதானியத்துக்கு மாறியிருந்தாள். சித்தேரி மலையில் விளைகிற சாமை பெங்களூருக்குப் போய், பாக்கெட்டில் ஏறி, இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொண்டு அரூருக்கே திரும்பி வந்தால்தான் வாங்குவாள். "சாப்புடறது ஆர்கானிக், தேய்க்கிற எண்ண ஆர்கானிக், பிரேக்கு மட்டும் கண்ட கண்டதப் போடுவீங்களா?" என்று ஒரே பிடி. இரண்டு கருத்தும் முரண்பட்டதால் கோப்பு 'மேலும் ஆய்வுக்கு' என்று வைக்கப்பட்டது.

இப்படியே தை பாதி ஓடிவிட்டது. வண்டி இப்போது கத்துவதைக்கூட நிறுத்திவிட்டது. மிதித்தால் ஏதோ உறுமும், ஆனால் நிற்காது. அதற்காக வெளியே போகாமல் இருக்க முடியுமா? இடைக்கால ஏற்பாடாக, லாரிக்காரர்கள் மேட்டில் சக்கரத்துக்கு அடியில் போடுகிற மரக்கட்டை ஒன்று, வாங்கப்படாமல், ரோட்டோரத்திலிருந்து எடுக்கப்பட்டது. கட்டை போடும் பொறுப்பு பானுமதிக்கு ஒப்படைக்கப்பட்டது. சென்னப்பன் கியரைக் குறைத்து, வண்டி தள்ளாடி வரும்போது "போடு!" என்பார். பானுமதி கதவைத் திறந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரே தாவு. சக்கரத்துக்கு முன்னால் கட்டை கச்சிதமாக விழும். சும்மா சொல்லக் கூடாது, ஒரே வாரத்தில் அந்த அம்மாள் கைதேர்ந்துவிட்டாள். கடைவீதியில் நின்று வேடிக்கை பார்ப்பவர்கள் கைதட்டினார்கள்.

"வாங்கித் தொலையுங்கப்பா!" என்று காவியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரே ஒரு விலைப்புள்ளிதான் சாமி பாக்கி."

தை கடைசி ஞாயிறு வந்தது. மொரப்பூரில் பிரபாகரும் பாரதியும் இறங்கினார்கள். பிரபாகர் ஒல்லியான மனிதர். எதைப் பார்த்தாலும் அதில் என்ன தப்பு என்று தேடுகிற கண். முன் சீட்டில் உட்காரவைக்கப்பட்டார். பின்னால் பாரதியும், மடியில் கட்டையோடு பானுமதியும்.

"அது என்னங்கம்மா கையில?" என்றார் பிரபாகர்.

"பாதுகாப்பு ஏற்பாடுங்கண்ணா" என்றாள் பானுமதி.

பாதி தூரம் வந்திருப்பார்கள். ஒரு இறக்கம். எதிரே ஒருவன் ஓட்டிவந்த ஆட்டு மந்தை. சென்னப்பன் மிதித்தார். வண்டி உறுமியது. இன்னும் மிதித்தார், வண்டி இன்னும் வேகமாகப் போனது. "போடு!" என்று அலறினார். பானுமதி தாவ முடியாத வேகம். கட்டையை ஜன்னல் வழியாக வீசினாள். அது ஆட்டுக்காரனிடம் போனது. நல்லவேளை, ரோட்டில் பாதி அகலத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள், போகிற வண்டிகள் ஏறி அடித்துக் கொடுக்கட்டும் என்று. கார் அதற்குள் புகுந்து, சுற்றிச் சிக்கி, மூச்சுமுட்டி நின்றது.

கொள்ளுக்குச் சொந்தக்காரி சாலம்மாள் முறத்தோடு ஓடி வந்தாள். "கண்ணு தெரியலீங்களா உங்களுக்கு? வண்டிய ஏத்தச் சொன்னா குடித்தனம் பண்ண வந்துட்டீங்க!"

பிரபாகர் தலைமுடியில் இரண்டு கொள்ளுக் காய் ஒட்டியிருந்தது. வீடு வந்து சேரும்வரை அதைக்கூட எடுக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று சென்னப்பன் முடிவே கட்டிவிட்டார். காவியா காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"பிரேக்கு ஏன் மாத்தல?" என்றார் பிரபாகர், கடைசியில்.

சென்னப்பன் கோப்பை எடுத்து முன்னால் வைத்தார். அதற்குள் அது தலையணை கனத்துக்கு வளர்ந்திருந்தது. பிரபாகர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். புரட்டப் புரட்ட முகம் இளகியது. கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு கோப்பு பாத்ததில்லைங்க. ஒரு தப்புகூட இல்ல!"

"வாங்கவே இல்லீங்களே மாமா. தப்பு எப்பிடி வரும்?" என்றாள் காவியா.

"அதாம்மா அழகு! வாங்கினாத்தான தப்பே ஆரம்பிக்குது?"

சென்னப்பனுக்குத் துடைப்பத்தின் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. "அப்ப, தாம்பூலம் மாத்திக்கலாங்களா?" என்றார்.

"எப்பிடிங்க முடியும்? ஒரே ஒரு பொண்ணத்தான பாத்திருக்கறோம்? இன்னும் ரெண்டு பொண்ணு பாக்கணும். மூணு இருந்தாத்தான ஒப்பீடு!"

காவியா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். சென்னப்பன் எழுந்தே விட்டார். இத்தனை வருஷ சர்வீசில் யாரிடமும் எழுப்பாத குரல் அவர் தொண்டையிலிருந்து வந்தது. "என் பொண்ணு என்ன பிரேக் பேடாங்க?"

"இல்லீங்க. பேடுக்கே இவ்வளவு பாத்திருக்கறீங்க. மருமகளுக்குப் பாக்க வேண்டாங்களா?" என்றார் பிரபாகர், கோபமே இல்லாமல்.

சென்னப்பன் தனக்குத் தெரிந்த விதியையெல்லாம் மனசுக்குள் புரட்டினார். எல்லா விதியும் பிரபாகர் பக்கம் போய் நின்றுகொண்டது. பாழாய்ப்போன விதி என்று வாழ்க்கையில் முதன்முறையாக நினைத்தார். மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

காவியாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மாமா சொல்றது சரிதாங்கப்பா. ஆனா விதின்னா முழுசா பாக்கணும். நாங்களும் மூணு மாப்பிள்ள வூட்டுல கேக்கறோம். நகை நட்டு என்ன எதிர்பாக்கறாங்கன்னு மூடின கவர்ல எழுதிக் குடுக்கட்டும். யாரு கம்மியாக் கேக்கறாங்களோ அவங்களுக்குத்தான் உத்தரவு. கம்மியா இருக்கறத விட்டுட்டு வேற எடுத்தா நீங்கதான தடை எழுதுவீங்க மாமா?"

பிரபாகர் மூக்குக்கண்ணாடியை மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். ரயிலில் வரும்போதே அவர் மனசுக்குள் பவுன் பேரம் பேசிக்கொண்டுதான் வந்தார். அதுவரை கேசரியைத் தவிர எதிலும் கலந்துகொள்ளாத பாரதி, பழத்தட்டில் இருந்த கவரை எடுத்து, ஒரு சீட்டில் ஏதோ எழுதி உள்ளே போட்டு, நாக்கால் ஈரம் பண்ணி ஒட்டி, சென்னப்பனிடம் நீட்டினான். பிரித்தார்கள். 'ஒன்றும் வேண்டாம்' என்று இருந்தது.

"மத்த ரெண்டு பேரு இதவிடக் கம்மியாக் கேக்கணும்னா, அவங்க உங்களுக்கு எதாச்சும் குடுத்தாத்தாங்க உண்டு" என்றான்.

பிரபாகர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கணக்கு சரியாக இருந்தால் கையெழுத்துப் போட்டே பழகிய கை; தாம்பூலத்தட்டைத் தானாகவே எடுத்துக் கொடுத்தது. சென்னப்பன் மகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

"இப்பவாச்சும் அந்தப் பேட மாத்துங்கப்பா" என்றாள் காவியா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"நாளைக்கே மாத்திர்றேன் சாமி. செராமிக்கோ கிராமிக்கோ!"

"ஐயையோ, மாத்திராதீங்க சம்பந்தி!" பிரபாகர் பதறிக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒரு தப்பு இல்லாத கோப்பு. இத மாதிரிக் கோப்பா வெச்சு, பயிற்சிக்கு வர்ற பசங்களுக்கெல்லாம் காட்டப்போறேன். நீங்க பாட்டுக்கு வாங்கிக் கெடுத்துராதீங்க!"

தணிக்கை அதிகாரியே சொன்னபிறகு மறுபேச்சு ஏது? அன்று சாயங்காலம் மொரப்பூர் திரும்பும்போது, ஆட்டுக்காரனிடமிருந்து மீட்கப்பட்ட கட்டையைப் பிரபாகரே மடியில் வைத்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டி அவர் தாவியதைப் பார்த்து, "அண்ணனுக்கு நல்லா வருது" என்று பானுமதி மெச்சினாள்.

பங்குனியில் தீர்த்தமலையில் கல்யாணம் ஆயிற்று. ரேவதி அந்தக் கட்டையை ரீல்ஸ் போட்டுவிட்டதில் ஊருக்குள் இப்போது கட்டைதான் ஃபேஷன். அருள்குமார் ஸ்டுடியோவில் செராமிக் கட்டை, ஆர்கானிக் கட்டை இரண்டும் கிடைக்கிறது. கோப்பு மாவட்டம் மாவட்டமாகப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கார் அரூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் அந்தப் பக்கம் வந்து, எதிரே ஒரு வெள்ளைக் கார் உறுமிக்கொண்டு வந்தால், நிறுத்துங்கள் என்று கையைக் காட்டாதீர்கள். நிறுத்த வேண்டுமானால் பேடு வாங்க வேண்டும், வாங்கினால் கோப்பு கெட்டுப்போகும். நாம்தான் ஓரமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்குவது நமக்கென்ன புதுசா?