கரடிக்கு இருபது, ஓநாய்க்கு இருபது, பருந்துக்கு இருபது

உலக வரலாற்றில் ஒரு கரடியை முறைப்படி பிரேரித்து, வழிமொழிந்து, ஏகமனதாகத் தெரிவு செய்த ஒரே அமைப்பு எங்கள் ஒன்றியம்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் ஓநாயையும் பருந்தையும் சேர்த்தே சொல்லியிருப்பேன்.

கண்டித் தமிழ் பேசும் மக்கள் நலன்புரி ஒன்றியத்துக்கு மூன்று கிளைகள். நாவலப்பிட்டிக் கிளைக்குக் கணபதி ஐயா. லொறிகள் வைத்திருப்பவர், கனத்த சரீரம், கனத்த குரல். ஒன்றியம் முழுமைக்கும் அவரே தலைவர். கடுகண்ணாவைக் கிளைக்குச் சுவக்கின். ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், நேரம் தவறாதவர். கெலிஓயாக் கிளைக்கு ஹார்ட்வெயார் கடை பஹீம் நானா. செயலாளர் அடியேன். எங்கள் யாப்பின், அதாவது அமைப்பு விதிகளின், உயிர்நாடி ஒன்றே ஒன்றுதான்: எது வந்தாலும் மூன்று கிளைகளுக்கும் சமம். ஒருமுறை யாரோ ஒரு புண்ணியவான் ஒரு தையல் மெசினை அன்பளிப்பாக அனுப்பினார். மெசின் நாவலப்பிட்டிக்கு, மோட்டார் கடுகண்ணாவைக்கு, மேசை கெலிஓயாவுக்கு. இன்றுவரை ஒருவரும் ஒரு குறை சொன்னதில்லை. ஒருவரும் ஒரு துணி தைத்ததும் இல்லை, அது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்ட ஒன்றியத்தைத் தேடித்தான் சுகிர்தா வந்தாள். கண்டி நகரில் திருகோணமலை வீதியில், புடவைக்கடைக்கு மேலே இருக்கும் எங்கள் அறையில் செயற்குழு கூடியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை. அங்கே ஒரு போட்டோகொப்பிக் கடையில் வேலை.

“சேர், கண்டியில ஒரு கேம் போட்டி வைக்கிறாங்க. கம்ப்யூட்டர்ல வெளையாடுறது. ஜெயிச்சா கொழும்புல ஆறு மாசம் கோர்ஸ். தங்குறதுக்கு எடமும் குடுக்குறாங்க. முடிச்சா கேம் செய்ற கொம்பனியிலயே வேலை. ஆனா ஏதாவது பதிஞ்ச சங்கத்துல இருந்து பேரு குடுத்தாத்தான் சேத்துக்குவாங்களாம்.”

“வெளையாட்டுக்கு வேலையா?” என்றார் சுவக்கின்.

“ஆமாங்க சேர். நா வருசக்கணக்கா வெளையாடுறேன். அந்தக் கொப்பி மெசினுக்கு முன்னுக்கு நின்னு நின்னு எனக்குப் பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு. எனக்கு இத விட்டா வேற ஒண்ணுமே இல்ல சேர்.”

கட்டுகஸ்தோட்டையில் எங்களுக்குக் கிளை கிடையாது. எந்தக் கிளைக்கும் சேராத பிள்ளை என்பதால் எந்தக் கிளைக்கும் ஆட்சேபம் எழவில்லை. பெயர் கொடுக்கச் சம்மதித்தோம். அவள் நன்றி சொல்லிவிட்டு அப்போதே கீழே இறங்கிப் போயிருக்கலாம். கணபதி ஐயா ஒரு மரியாதைக்காக, “எப்பிடிம்மா வெளையாடுவ?” என்று கேட்டார். அவள் பதில் சொல்லித் தொலைத்துவிட்டாள்.

“அதுல போர்வீரன் இருக்கான், மந்திரவாதி இருக்கான் சேர். நா எடுக்கிறது உருவம் மாறுற ஆள். சாதாரணமா மனுசியா இருப்பா. நெனச்சா ஓநாயா மாறுவா, கரடியா மாறுவா, பருந்தா மாறுவா. நமக்கு அறுபது பொயின்ட் குடுப்பாங்க. எதுல போடுறோமோ அது பலமாகும். அப்பிடிப் பிரிச்சுப் போடுறதத்தான் பில்ட்னு சொல்றது.”

“பில்ட் எண்டா சீமெந்து எங்கட கடையில எடுக்கலாம்,” என்றார் பஹீம் நானா. கூட்டத்தில் சற்றுச் சிரிப்பு.

“கடைசியில ஒரு நெருப்பு ராட்சசன் வருவான். மெதுவாத்தான் அடிப்பான், ஆனா பலமா அடிப்பான். ஓநாயா மாறி சட்டுனு கடிச்சிட்டு ஓடிரணும். அதனால ஓநாய்க்கு நாப்பது, மனுசிக்கு இருபது போடப் போறேன்.”

கணபதி ஐயா விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

“கரடிக்கு?” என்றார் கணபதி ஐயா.

“கரடிக்கு ஒண்ணும் இல்ல சேர்.”

“ஏன், கரடி என்னா பாவம் செஞ்சிச்சி?”

“பருந்துக்கும் ஒண்டும் இல்லயா மகள்?” என்றார் பஹீம் நானா. “இது என்ன அநியாயம்? பார்த்துக்கொண்டு ஈக்க ஏலுமா?”

பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அடுத்த ஞாயிறே விசேட பொதுக்கூட்டம் கூட்டினோம். மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை எல்லாம் உண்டு. அந்தக் கதாபாத்திரத்தை ‘உருமாறி’ என்று அழைப்பதென முதல் தீர்மானம் நிறைவேறியது. கிளைக்கு ஒரு மிருகம் என்பது இரண்டாவது தீர்மானம். கரடியைக் கணபதி ஐயா கேட்டு வாங்கினார். இருவருக்கும் உருவ ஒற்றுமை இருப்பதாக எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பருந்தைப் பஹீம் நானா முந்திக்கொண்டார். மிஞ்சிய ஓநாய் சுவக்கினுக்கு வந்தபோது மனிதர் முகம் சுருங்கிப் போனது.

“வேதாகமத்துல ஓநாய்க்கு நல்ல பேரு இல்லையே,” என்றார்.

“இந்த ஓநாய் நல்ல ஓநாய்தாங்க சேர்,” என்று கெஞ்சினாள் சுகிர்தா. “இது ஒண்ணுதான் ஜெயிக்கும்.”

‘கடுகண்ணாவை ஓநாய்’ என்று எல்லா இடத்திலும் குறிப்பிடுவதாக உறுதியளித்த பிறகு சுவக்கின் சமாதானமானார். மூன்றாவது தீர்மானத்துக்கு விவாதமே தேவைப்படவில்லை. கரடிக்கு இருபது, ஓநாய்க்கு இருபது, பருந்துக்கு இருபது. இவ்வளவு அழகாக வகுபடும் ஓர் எண்ணை அந்தப் போட்டிக்காரர்கள் தந்ததே எங்கள் ஒன்றியத்தை மனதில் வைத்துத்தான் என்று கணபதி ஐயா நெகிழ்ந்தார்.

சுகிர்தா எழுந்து நின்றாள். “அப்ப மனுசிக்கு?”

“மனுசிக்கு எதுக்கு?”

“மிருகமா நிக்கிறதுக்கு மூச்சுன்னு ஒண்ணு இருக்கு சேர். அது தீந்தா தன்னாலயே மனுசியாயிருவா. மூச்சு திரும்பி வர்ற வரைக்கும் அவதான் தாக்குப் புடிக்கணும். அவளுக்குப் பலம் இல்லாட்டி ஒரே அடியில செத்துருவா.”

“மூச்சு தீராமப் பாத்துக்க வேண்டியது வெளையாடுறவங்க பொறுப்பு,” என்று சுவக்கின் சட்டவிளக்கம் கொடுத்தார்.

ஆனாலும் ஜனநாயகம் என்று ஒன்று இருக்கிறதல்லவா? மனித உருவத்துக்குப் புள்ளி ஒதுக்கும்படி பிரேரிப்பவர்கள் கையை உயர்த்தலாம் என்று நான் அறிவித்தேன். மறுபடியும் அறிவித்தேன். அப்போது சிற்றுண்டிக்குப் பற்றிஸ் பரிமாறிக்கொண்டிருந்தார்கள், எல்லாருடைய கையும் வேலையாக இருந்தது. மனித உருவம் அத்துடன் கைவிடப்பட்டது. சுகிர்தாவின் கண் கலங்கியதை நான் கண்டேன். கணபதி ஐயாவும் கண்டு, “பாருங்க, பிள்ளைக்கு ஆனந்தக் கண்ணீர்,” என்றார்.

“சேர், பேர மட்டும் குடுங்க. மிச்சத்த நா பாத்துக்கிறேன். கும்பிட்டுக் கேக்குறேன்.”

“பேரு எங்களோடதும்மா. நாளைக்கு ஒண்ணுன்னா எங்களத்தானே கேப்பாங்க?”

வேறு சங்கம் தேட அவளுக்கு அவகாசம் இல்லை. ஒப்புக்கொண்டாள். திரையில் மூன்று மிருகங்களும் சம அளவு நேரம் தோன்ற வேண்டும் என்ற நான்காவது தீர்மானத்துக்கும் தலையாட்டிவிட்டுத்தான் போனாள்.

போட்டி பேராதனை வீதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மற்றச் சங்கங்கள் ஒரு பிள்ளையை மட்டும் அனுப்பி வைத்திருந்தன. என்ன பொறுப்பற்ற செயல்! நாங்கள் முழுச் செயற்குழுவும் போயிருந்தோம். கணபதி ஐயா கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். சுவக்கின் ஒரு செபம் சொன்னார். பஹீம் நானா துஆக் கேட்டார். மூன்றும் சம நேரம். பிறகு மூன்று கதிரைகளை இழுத்துச் சுகிர்தாவின் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவக்கின் கைத்தொலைபேசியில் நேரம் பிடித்தார். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த மிருகம் வரும் என்று முன்கூட்டியே கேட்டறிந்து வைத்திருந்தார்கள்.

அந்தப் பிள்ளை விளையாடியதை என்னவென்று சொல்வேன்! அரைகுறைக் கரடி, அரைகுறை ஓநாய், அரைகுறைப் பருந்து. இவற்றை வைத்துக்கொண்டே காட்டைக் கடந்தாள், பாலத்தைக் கடந்தாள். பக்கத்து மேசைகளில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராகச் செத்து, தங்கள் விளையாட்டை விட்டுவிட்டு அவளைப் பார்க்க வந்து நின்றார்கள். ராட்சசன் வந்தான். அப்போது ஓநாயின் முறை. கடித்தாள், ஓடினாள், கடித்தாள். ராட்சசன் தள்ளாடத் தொடங்கினான்.

“ஓநாய்க்கு நேரம் முடிஞ்சிது,” என்றார் சுவக்கின். சொந்தக் கிளையின் மிருகத்தையே நேரம் பார்த்து நிறுத்துவதென்றால் சும்மாவா? அந்த நேர்மையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

“சேர், இன்னும் ரெண்டு கடிதான்! ரெண்டே ரெண்டு கடி!”

“அந்த ரெண்டயும் பருந்து கடிக்கட்டும் மகள்,” என்றார் பஹீம் நானா.

“பருந்து கடிக்காது நானா!”

“கொத்தட்டும்.”

“மூச்சு தீரப் போகுது! விடுங்க, ஐயோ, கொஞ்சம் விடுங்க!”

பஹீம் நானா எட்டி, பருந்தின் பொத்தானைத் தாமே அழுத்தினார்.

ஓநாய் பருந்தாகி மேலே எழுந்தது. உயர உயரப் பறந்தது. உச்சியில் மூச்சுத் தீர்ந்தது. வானத்தில் ஒரு பெண், கீழே ராட்சசன். அவன் அவசரப்படவே இல்லை, அவள் விழும்வரை காத்திருந்து காலைத் தூக்கி வைத்தான்.

சுகிர்தா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். மண்டபமே உச்சுக் கொட்டியது. எங்கள் மூன்று கிளைகள் மட்டும் எழுந்து நின்று கைதட்டின. நேரப் பங்கீட்டில் ஒரு நொடிகூடப் பிசகவில்லை.

பரிசு வேறு யாருக்கோ போனது. நடுவராகக் கொழும்பிலிருந்து வந்திருந்த அகீலா என்ற பெண் எங்களிடம் வந்தார்.

“இந்த பில்ட்டை யார் செய்தது?”

“நாங்கதான்,” என்றார் கணபதி ஐயா, பொன்னாடையை எதிர்பார்த்துத் தோளைச் சரிசெய்தபடி.

“இவ்வளவு கேவலமான பில்ட்டோட ராட்சசன் வரைக்கும் வந்த ஒருத்தரையும் நான் பார்த்ததில்லை.” அகீலா சுகிர்தாவின் தோளைத் தொட்டார். “உங்களுக்காக நான் இன்னொரு சீட் கேட்கிறேன், தங்கச்சி. அழ வேணாம்.”

சுகிர்தா நிமிர்ந்து சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அகீலா சொன்னபடியே செய்தார். ஆனால் நிறுவனங்களுக்கும் யாப்பு உண்டு, கடவுளே அவற்றைக் காப்பாற்றட்டும். ‘தங்கள் ஒன்றியத்துக்கு விசேட இடம் ஒன்று வழங்கப்படுகிறது, பயிலுநர் பெயரை அறியத் தரவும்’ என்று தகவல் ஒன்றியத்துக்குத்தான் வந்தது. ஒன்றியத்துக்கு வந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆறு மாதம், மூன்று கிளை. முதல் இரண்டு மாதம் கணபதி ஐயாவின் மருமகன். அடுத்த இரண்டு மாதம் சுவக்கினின் மகன் ஜொனி. கடைசி இரண்டு மாதம் பஹீம் நானாவின் தம்பி மகன் ஹுதைபா. தீர்மானம் நிறைவேறி, பதிலும் அனுப்பிவிட்டோம்.

விஷயம் கேள்விப்பட்டுச் சுகிர்தா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். கொழும்புக்குப் போவதாகக் கடையில் சொல்லி, வேலையையும் விட்டு, பையும் வாங்கி வைத்துவிட்டாளாம். 

“சேர், அது எனக்குக் கெடச்ச சீட்!”

“ஒன்னால கெடச்சதுதான், யாரு இல்லேன்னு சொன்னா?” என்றார் கணபதி ஐயா கனிவாக. “ஆனா கட்டுகஸ்தோட்டையில நமக்குக் கிளை இல்லையேம்மா. எந்தக் கணக்குல ஒன்னப் போடுறது?”

“ஒரு ஆளு படிக்கிறத மூணு ஆளுக்குப் பிரிக்க ஏலாது சேர்!”

“ஏலாதுங்கிற பேச்சே நம்ம ஒன்றியத்துல கெடையாது.”

அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கடைசியில் என் முகத்தையும் பார்த்தாள். “நீங்கல்லாம் மனுசங்கதானா?” என்று கேட்டாள். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விடயம். ஆகவே அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம்.

மூன்று பயிலுநர்களும் முறைப்படி போய் வந்தார்கள். மருமகன் கணினியைத் திறக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார். ஜொனி நடுவில் போய்ச் சேர்ந்ததால் எதைத் திறந்தார்கள் என்றே அவனுக்கு விளங்கவில்லை. ஹுதைபா மூடுவதற்கு நன்றாகப் பழகியிருக்கிறான். சான்றிதழ் ஒருவருக்கும் தரமாட்டோம் என்று நிறுவனம் சொல்லிவிட்டது. ஆகையால் அதைப் பங்கிடும் சிரமமும் எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

மூவருக்கும் வருகிற மாதம் பாராட்டு விழா. அழைப்பிதழைக் கொப்பி எடுக்கக் கட்டுகஸ்தோட்டைக்கு நானே போனேன். முதலாளியின் கையைக் காலைப் பிடித்து அதே மெசினுக்கு முன்னால் சுகிர்தா திரும்பவும் நின்றுகொண்டிருந்தாள். வாங்கினாள், எடுத்தாள், அடுக்கித் தந்தாள். “தலைவர் பேருல ஒரு எழுத்து விட்டுப் போயிருந்திச்சி சேர், போட்டுட்டேன்,” என்றாள்.

ஒரு பெண்ணின் ஆறு மாதத்தை ஒரு நாள் கூடாமல் குறையாமல் மூன்று கிளைகளுக்கும் பங்கிட்ட ஒன்றியம் இந்த நாட்டில் வேறு உண்டா? ஆனால் வெளியே சிலருக்கு வாய் நீளம். அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறார்களாம். தாராளமாகக் கேட்கட்டும், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். கேட்பவர் எந்தக் கிளை என்று மட்டும் முதலில் சொல்லட்டும்.