வலைப்பதிவு திறப்பு விழா

கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவன், தன்னைத் தடுக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் எனக்கு டிடிபி வேலை. வெடிப் பெட்டி லேபிள், காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எல்லாம் செய்வேன். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்டார்கள். சாயங்காலம் பஸ்ஸில் விருதுநகர் திரும்பினால் பேச ஒரு ஆள் கிடையாது. அதனால் நேரே ப்ரவுசிங் சென்டருக்குப் போய் ஒரு தமிழ் இணைய மன்றத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

மன்றம் என்பது லைன் வீடு மாதிரி. யாராவது சண்டை போட்டுக்கொண்டே இருப்பார்கள், யாராவது விலக்கிவிடுவார்கள். நாம் "ஆமாங்க" என்று ஒரு வரி போட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் நான் நாள் கணக்கில் யோசித்து எழுதிய கட்டுரையை, மன்றத்தை மேய்க்கும் மட்டுறுத்துநர் தூக்கி 'அரட்டை' பகுதியில் போட்டார். மறுநாள் அது 'இன்று என்ன சாப்பிட்டீர்கள்' என்ற உரையாடல் திரிக்குக் கீழே கிடந்தது. (பெரும்பாலோர் இட்லி.) எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. 'கனத்த இதயத்துடன் விடைபெறுகிறேன்' என்று எழுதிவிட்டு சொந்தமாக வலைப்பதிவு தொடங்கினேன். விடைபெற்றதற்கு ஒரே ஒருவர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

வலைப்பதிவு தனி வீடு. நம் பெயர், நம் இஷ்டம், நம் எழுத்தைத் தூக்கி ஓரமாகப் போட ஆள் கிடையாது. படிக்கவும் ஆள் கிடையாது. பார்வையாளர் எண்ணிக்கை ஏறும், ஏற்றியவன் நான்தான். ஒவ்வொரு பதிவின் கீழும் 'கருத்துகள்: 0'. மன்றத்தில் இருந்திருந்தால் திட்டாவது வாங்கியிருக்கலாமே என்று ஏங்கிப்போனேன்.

அச்சகக்காரனுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். எங்கள் பக்கம் பஞ்சர் கடை திறந்தாலும் பத்திரிகை அடித்துவிடுவோம். பழைய ஜவுளிக்கடை திறப்பு விழா பத்திரிகை ஒன்றை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி, 'புதிய வலைப்பதிவு திறப்பு விழா, ஞாயிறு காலை' என்று ப்ரவுசிங் சென்டர் விலாசம் போட்டு அடித்தேன். மதுரையிலும் ராஜபாளையத்திலும் இருந்த மன்ற நண்பர்கள் சிலருக்குத் தபாலில் அனுப்பினேன். அவர்களில் ஒருவர் வந்தால் போதும் என்பதுதான் என் ஆசை. மிச்சக் கட்டு வீட்டில் கிடந்தது. மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்த என் அத்தா, பையன் தொழில் தொடங்குகிறான், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கிறான் என்று நினைத்து, அதை ஊரெல்லாம் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை மன்றத்திலிருந்து ஈ காக்கை கூட வரவில்லை. வேன் வந்தது. மாமாமார், மாமிமார், விளைந்த வத்தலை மண்டிக்குப் போடும் ஆமத்தூர் சம்சாரிகள், எல்லோர் கையிலும் கலர் பேப்பர் சுற்றிய சுவர்க் கடிகாரம். சென்டர் அண்ணாச்சி மிரண்டுபோய் எழுந்து நின்றுவிட்டார்.

ஆமத்தூர் சீனியப்பன் மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"கடை எங்கன இருக்கு மாப்ள?"

"இதுக்குள்ளதான் மாமா."

"சரக்கு?"

"நான் எழுதுனதுதான்."

"இத யாரு வாங்குவா?"

"வாங்க வேணாம் மாமா, படிச்சாப் போதும்."

"அம்புட்டுத்தானா?" என்று தன் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். (திரும்பக் கொண்டுபோய்விடலாமா என்று யோசித்திருப்பார்.)

அத்தா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது என்னலே, கீழ பூஜ்யம்?"

"யாரும் ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம் அத்தா."

"எல்லாத்துக்குமா?"

ஆமாம் என்று சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது. நல்லவேளை, கரண்ட் போய்விட்டது. "வாங்க, எல்லாரும் காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்று அத்தா கூட்டத்தைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் ஒரு கருத்து வந்தது. பெயர் இல்லை. 'படித்தேன். நன்று. தொடரவும்.' எனக்குத் தலைகால் புரியவில்லை. ராஜபாளையத்து நண்பரா, கடல் கடந்த வாசகரா? அடுத்தடுத்த பதிவுகளுக்கும் அதே மூன்று வார்த்தை. அந்த ஒரு ஆளுக்காகவே எழுதித் தள்ளினேன். ஒரு காதல் தோல்விக் கவிதை கூட எழுதினேன். (காதல் கிடையாது, தோல்வி மட்டும்தான்.) அதற்கும் கருத்து வந்தது: 'படித்தேன். நன்று. காலையில் சாப்பிடாமல் பஸ் ஏற வேண்டாம்.'

அண்ணாச்சியைப் பிடித்து உலுக்கினேன். "மண்டிய அடைச்சிட்டு வந்து முழுசாப் படிப்பாகப்பா. நாந்தான் டைப் அடிச்சுக் குடுப்பேன். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாக" என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் ரசம் வாயில் வைத்தாலும் சரி, என் மகள் மார்க் ஷீட்டை நீட்டினாலும் சரி, "படித்தேன். நன்று. தொடரவும்"தான். சொல்லிவிட்டு எல்லோரும் அத்தாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

"மண்டியில எனக்கு ஆயிரம் சோலி. நான் எதுக்குலே அதெல்லாம் படிக்கப் போறேன்?" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாளா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்பார்: "ஏலே, அந்தக் கவிதையில வந்த புள்ள யாரு?"