திங்கட்கிழமை பாஸும் இரட்டை மூக்கு மயிலும்

நான் காசு கொடுத்து சினிமா பார்த்தவன் இல்லை. வயது நாற்பத்தெட்டு. சிவகாசியில் இப்படி மார்தட்டிச் சொல்லிக்கொள்ளத் தகுதியுள்ளவன் ராஜபாண்டியன் ஒருவன்தான். அது அடியேன்.

காரணம் என் வீட்டுச் சுவர். விருதுநகர் ரோட்டைப் பார்த்தபடி முப்பதடி நீளம். பஸ்ஸில் போகிறவன் தூங்கிக்கொண்டு போனாலும் அதைப் பார்க்காமல் தப்பமுடியாது. தியேட்டர்காரர்கள் அதில் போஸ்டர் ஒட்டிக்கொள்வார்கள். பதிலுக்கு வாரம் இரண்டு பாஸ். சனி ஞாயிறு கூட்டம் வடிந்தபிறகு திங்கட்கிழமைதான் செல்லும். நிபந்தனை ஒன்றே ஒன்று. வாரம் முழுக்கப் போஸ்டர் கிழியாமல் இருக்கவேண்டும். எங்கள் தெருவில் ஒரு செவலை மாடு இருக்கிறது. பசையின் ருசி கண்டது. கதாநாயகன் நெற்றியில் ஆரம்பித்துத் தயாரிப்பாளர் பெயர்வரை ஒரே மூச்சில் தின்றுவிடும். அதை விரட்டுவது என் மனைவி பொன்னுத்தங்கத்தின் பொறுப்பு. ஒரு சினேகிதனைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் பார்ப்பது என் பொறுப்பு. பதினெட்டு வருடமாக இந்த வேலைப் பங்கீட்டில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

சுவர் செல்லாத இடத்தில் கிப்ட் பாக்ஸ் செல்லும். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிப்பது என் தொழில். ஒரு பெட்டி மத்தாப்பு, புஸ்வாணத்தை உரிய கையில் உரிய நேரத்தில் வைத்தால் திறக்காத கதவு தமிழ்நாட்டில் கிடையாது என்பது என் ஆராய்ச்சி முடிவு.

போன மாதம் ஒரு டிவி கம்பெனி எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பட்டிமன்றம் படம்பிடிக்க வருவதாகப் பேச்சு. பாஸ் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். தங்கம் கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்தாள்.

"ஏங்க, அந்த டிவிக்காரக எங்க மகளிர் குழுவுல வந்து..."

"இங்கேரு, ஒங்க குழு வத்தல் போடுறதோட நிறுத்திக்கிடணும். பாஸ் வாங்குறது செல்வாக்கு உள்ளவன் வேலை."

"அதில்லைங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். நம்ம வீட்டு ஆளுக எல்லாருக்கும் முன் வரிசை வாங்கிருவேன். சாத்தூர்ல ஒன் தம்பி மாரிசாமிக்கும் போன்ல சொல்லிட்டேன், குடும்பத்தோட வரச்சொல்லி."

தங்கம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "எனக்கெல்லாம் வேணாம். ஒங்க ஒருத்தருக்கே முன் வரிசை கிடைக்கலைன்னா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். "திங்கட்கிழமை பாஸ் ரெண்டும் ஆயுசுக்கும் ஒனக்கு" என்றேன்.

"இருக்கன்குடி ஆத்தா மேல சத்தியமா?"

"சத்தியமா."

அதன்பிறகு அவள் குழுவைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடங்கிவிட்டாள் என்று மீசையைத் தடவிக்கொண்டேன்.

கிப்ட் பாக்ஸ் தயாரானது. மேலே ஒட்ட ஒரு லேபிள் வேண்டுமே. தீபாவளி சீசனில் ஒரு கம்பெனிக்கு மயில் லேபிள் அடித்தபோது நீலக் கலர் விலகி, மயிலுக்கு இரண்டு மூக்கு வந்துவிட்டது. கம்பெனிக்காரர் லோடோடு திருப்பி அனுப்பிவிட்டார். அதில் ஒன்றை எடுத்து ஒட்டினேன். நல்ல லேபிளை எதற்கு வீணாக்கவேண்டும்? ஓசியில் வாங்குகிறவன் மயிலின் மூக்கையா எண்ணப்போகிறான்?

தியேட்டர் மேனேஜர் செந்தூர்பாண்டியிடம் பெட்டியைக் கொடுத்தேன். தன் கையில் பாஸ் இல்லை, மண்டபத்து மேனேஜர் யாகூப் பாயிடம் தள்ளிவிடுகிறேன் என்றார். இரண்டு நாளில் தகவல் வந்தது. பெட்டி யாகூப் பாயையும் தாண்டிப் போய்விட்டதாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மேடம் இருக்கிறார்களாம். அவர்கள் கையெழுத்து இல்லாமல் மண்டபத்துக்குள் ஈ, எறும்பு நுழையாதாம்.

அன்று சாப்பிடும்போது இதைத் தங்கத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

"அந்த மேடம் எப்படிப்பட்டவகளாம்?" என்றாள்.

"ரொம்பக் கறாராம். ஆனா ராஜபாண்டியன் பெட்டிக்கு மசியாத ஆளு உண்டா?"

"அதானே" என்று சொல்லி, கேட்காமலேயே இன்னொரு அப்பளம் வைத்தாள்.

மறுநாள் செந்தூர்பாண்டி ஒரு பாஸை நீட்டினார். ஒன்றே ஒன்றுதான். மச்சினன் குடும்பத்தை மேடமே பார்த்துக்கொள்வார்களாம். என் மச்சினன் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறார்களே, என் செல்வாக்கு எம்புட்டுத் தூரம் போயிருக்கிறது என்று எனக்கே மலைப்பாக இருந்தது. தெருவில் பதினோரு பேரிடம் பாஸைக் காட்டினேன். செவலை மாடும் பார்த்தது.

பட்டிமன்றத்தன்றைக்குத் தங்கம் குழு வேலை இருக்கிறதென்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, செண்ட் அடித்து, மண்டபத்துக்குப் போனேன். வாசலில் ஒரு அண்ணாச்சி பாஸை வாங்கிப் பார்த்து, என்னை நேராகக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய், ஒரு தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தார். மேடை தெரியவில்லை. தூண் நன்றாகத் தெரிந்தது. கழுத்தை நீட்டிப் பார்த்தேன். முன் வரிசையில் மாரிசாமி குடும்பத்தோடு உட்கார்ந்து எனக்குக் கையாட்டினான்.

ரத்தம் கொதிக்க, மேடம் யார் என்று விசாரித்துக்கொண்டு போனேன். பக்கவாட்டு வாசலில் ஒரு மேஜை. மேஜைமேல் பாஸ்கள் நிறைந்த ஒரு பெட்டி. பெட்டிமேல் இரண்டு மூக்கு மயில். அதற்குப் பின்னால், கழுத்தில் டிவிக்காரர்கள் கொடுத்த அட்டையோடு என் தங்கம்.

"நீயா?" என்றேன்.

"ஆள் கூட்டிட்டு வாற பொறுப்ப டிவிக்காரக எங்க குழுவுக்குத்தான் குடுத்தாக. நான் குழுத் தலைவி. முந்நூறு பாஸும் எங்கிட்டதான் இருந்துச்சு. அதத்தான் சொல்ல வந்தேன். நீங்க வத்தல் போடச் சொன்னீக."

"இந்தப் பெட்டி?"

"யாகூப் பாய் அவுக வீட்டம்மா சம்சாத்துகிட்ட குடுத்தாக. சம்சாத் எங்க குழுச் செயலாளர். அவ எங்கிட்ட கொண்டாந்தா. மூக்கப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, நம்ம வீட்டு மயில்னு."

"தெரிஞ்சுமா என்னைத் தூணுக்குப் பின்னால போட்ட?"

"நல்ல மயிலா ஒட்டியிருந்தா முன் வரிசை குடுத்திருப்பேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போது டிவிக்காரப் பையன் ஓடிவந்து, "மேடம், கேமராவை ஆன் பண்ணலாமா?" என்று அவளிடம் அனுமதி கேட்டான். சொன்னால் நம்பமாட்டீர்கள், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இன்று திங்கட்கிழமை. தங்கமும் சம்சாத்தும் முதல் ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். நான் சுவரோரம் நாற்காலி போட்டு, கையில் கம்போடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை. கதாநாயகன் முகத்தில் மாடு இன்னும் வாய் வைக்கவில்லை.